லேக் சார்ல்ஸில் பனி விழுமா? மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து பார்க்கும் முறை

ரப்பர்த் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு வானம் பார்ப்பது பழக்கம்தான். பெரட்டுக்கு, அதாவது காலை ஆள் கணக்கெடுப்புக்கு, கிளம்பும்போதே அப்பா இருட்டில் அண்ணாந்து பார்ப்பார். மழை வந்தால் பால் எடுக்க மரம் வெட்ட முடியாது. வெட்டிய பிறகு வந்தால் மங்கில் (கிண்ணத்தில்) இறங்கிய பால் வீண். ஒரு நாள் சம்பளமே அந்தக் கணிப்பில் இருந்தது.

என் அக்கா மகள் அமெரிக்காவில், லூசியானா மாநிலத்தின் லேக் சார்ல்ஸ் நகரில் வேலை செய்கிறாள். மெக்சிகோ வளைகுடாப் பக்கத்துச் சமவெளி. கோடையில் நம் ஊர்ப் புழுக்கமேதான். 2025 ஜனவரியில் ஒருநாள் கேட்டாள்: “மாமா, அடுத்த வாரம் பனி விழும்னு பேசிக்கிறாங்க. போன்ல மழைன்னு போட்டிருக்கு. எதை நம்புறது?” எனக்குப் பதில் தெரியவில்லை. ஜனவரி 21 அன்று அவள் ஊர் வானிலை அலுவலகம் தன் வரலாற்றிலேயே முதல்முறையாக ‘பிளிசார்ட் வார்னிங்’ (பனிப்புயல் எச்சரிக்கை) விடுத்தது. நியூ ஓர்லியன்ஸ் விமான நிலையத்தில் 8 அங்குலம், அதாவது சுமார் 20 சென்டிமீட்டர் பனி குவிந்தது.

அதன்பிறகு உட்கார்ந்து கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன். பிள்ளைகளை அந்தப் பக்கம் அனுப்பியிருக்கும் குடும்பங்களுக்கு உதவும். கைப்பேசியும் ‘விண்டி’ (Windy) என்ற வானிலைச் செயலியும் போதும்.

முதல் படி: குளிர் வருகிறதா?

ஆறேழு நாள் முன்பே இதைப் பார்க்கலாம். விண்டியில் காற்றழுத்தப் படத்தைத் திறந்து கனடாவைப் பாருங்கள். 1040 ஹெக்டோபாஸ்கலுக்கு (hPa) மேல் அழுத்தம் கொண்ட பெரிய உயர் அழுத்தம் தெற்கே இறங்கினால் கவனிக்கத் தொடங்க வேண்டும். நமக்கு வடகிழக்குப் பருவமழை கொண்டுவரும் சைபீரியக் குளிரும் இதே ஜாதிதான். ஆனால் அது தென்சீனக் கடலைத் தாண்டி வருவதற்குள் சூடேறி, ஈரம் குடித்து, கிளந்தானில் மழையாகக் கொட்டிவிடுகிறது. அங்கே கனடாவுக்கும் வளைகுடாவுக்கும் நடுவில் கடலும் இல்லை, குறுக்கே மலைத்தொடரும் இல்லை. குளிர் காய்ந்த காற்றாகவே கரை வரை வந்துவிடும்.

அடுத்து, வெப்பநிலைப் படத்தில் உயரத்தை 850 என்று மாற்றுங்கள். தரையிலிருந்து சுமார் 1500 மீட்டர். கேமரன் மலையின் பிரிஞ்சாங் உயரம் என்று வைத்துக்கொள்ளலாம். அந்த உயரத்தில் பூஜ்யம் டிகிரிக் கோடு ஊரைத் தாண்டிக் கடல் பக்கம் போயிருக்க வேண்டும். போகவில்லையென்றால் பெரும்பாலும் மழைதான்.

இரண்டாம் படி: ஈரம் எந்த வழியாக வருகிறது?

எனக்கு அதிக நேரம் பிடித்தது இந்தப் படிதான். குளிர் மட்டும் வந்தால் வானம் வெளுத்துக் கிடக்கும், பனி விழாது. ஈரம் வளைகுடாவிலிருந்து வர வேண்டும். அந்த ஈரத்தைத் தூக்கி வருவது கடல்மேல் உருவாகும் ஒரு தாழ்வழுத்தம். அது கரையை ஒட்டி வந்தால் வெதுவெதுப்பான கடற்காற்றையும் இழுத்து வந்து, பனியை மழையாக்கிவிடும். ரொம்ப தூரம் தள்ளிப் போனால் ஈரமே எட்டாது. இரண்டுக்கும் நடுவே ஒரு குறுகிய பாதையில் போனால்தான் பனி. குளிரும் ஈரமும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் சேருவது அரிது என்பதால்தான் அந்த ஊர்க்காரர்கள் பனியைப் பார்ப்பதே அபூர்வம். தாழ்வழுத்தத்தின் பாதை நூறு கிலோமீட்டர் நகர்ந்தாலும் கதை மாறிவிடும். எட்டு நாள் முன்னே வாட்ஸ்அப்பில் வரும் பனிப் படத்தை நம்ப வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான்.

மூன்றாம் படி: மேலிருந்து கீழே, அடுக்கு அடுக்காக

ஊரின் மேல் தட்டி, ‘சவுண்டிங்’ என்ற வரைபடத்தைத் திறங்கள். பார்க்கச் சிக்கலாக இருக்கும், பயப்பட வேண்டாம். வெப்பநிலைக் கோடு ஒன்று, பனிநிலைக் (dew point, காற்றின் ஈரம் நீராகத் திரளும் வெப்பநிலை) கோடு ஒன்று. வெப்பநிலைக் கோடு மேலிருந்து தரை வரைக்கும் பூஜ்யத்துக்குக் கீழேயே வந்தால் பனி. நடுவில் எங்காவது பூஜ்யத்தைத் தாண்டினால் அந்த வெப்ப அடுக்கில் பனி உருகிவிடும். உருகியது கீழே வரும் வழியிலேயே மறுபடி உறைந்தால் குருணை போல் விழும். உறைய நேரமில்லாமல் மழையாகவே வந்து, உறைநிலைத் தரையைத் தொட்டதும் கண்ணாடியாக ஒட்டினால் அது உறைமழை. மூன்றிலும் மோசமானது உறைமழை என்பேன். மின்கம்பிகளும் கிளைகளும் பாரம் தாங்காமல் முறியும்.

தரையில் 3 டிகிரி காட்டுகிறதே, பனி எப்படி விழும் என்று கேட்பீர்கள். பனிநிலையையும் பாருங்கள். அது மைனஸ் 7 என்றால் காற்று ரொம்பக் காய்ந்திருக்கிறது. விழத் தொடங்கியது அந்தக் காற்றில் ஆவியாகி, மண்பானை தண்ணீரைக் குளிர வைப்பது போல, காற்றையே பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துவிடும். போன் ‘மழை’ என்று காட்டும் நாளில் பனி விழ இது ஒரு காரணம்.

எவ்வளவு விழும்?

தோராயமாக 10 மில்லிமீட்டர் மழைநீர் 10 சென்டிமீட்டர் பனியாகும். தரை சூடாக இருந்தால் முதலில் விழுவது உருகிப் போகும். ஒரே எண்ணைப் பிடித்துக்கொள்ள வேண்டாம். ஐரோப்பியர்களின் கணினி வானிலை மாதிரி (model) ஒவ்வொரு முறையும் 51 தடவை சற்றே மாற்றி மாற்றிக் கணக்கிடுகிறது. அவற்றில் எத்தனை பனியைக் காட்டுகின்றன என்பதே உருப்படியான தகவல். அமெரிக்க மாதிரியின் புதிய கணக்கு நம் நேரத்துக்குப் பகல் பதினொன்றரை வாக்கிலும் இரவு பதினொன்றரை வாக்கிலும் வரத் தொடங்கும். அடுத்தடுத்த நான்கைந்து கணக்குகள் ஒரே மாதிரி சொன்னால் நம்பிக்கை வைக்கலாம்.

கடைசியில் அவர்கள் சொல்வதைக் கேளுங்கள்

நாம் பார்ப்பது புரிந்துகொள்ள; முடிவு சொல்ல அங்கே ஆட்கள் இருக்கிறார்கள். அமெரிக்க தேசிய வானிலைச் சேவையின் தளத்தில் ஊர்ப் பெயரைத் தட்டினால், ‘ஃபோர்காஸ்ட் டிஸ்கஷன்’ என்ற பக்கத்தில் கணிப்பவர்கள் தங்கள் சந்தேகங்களையும் சேர்த்து எழுதுகிறார்கள். நான் தினமும் படிப்பது அதைத்தான். ‘வாட்ச்’ என்றால் வரக்கூடும், ஏற்பாடு செய்துகொள். ‘வார்னிங்’ என்றால் வருகிறது, வெளியே போகாதே. பிளிசார்ட் என்றால் பனியோடு மணிக்கு 56 கிலோமீட்டர் காற்று, 400 மீட்டருக்கு அப்பால் கண் தெரியாத நிலை, குறைந்தது மூன்று மணி நேரம்.

வடக்கே அரை அடிக்கு விடும் எச்சரிக்கையைத் தெற்கே ஓரிரு அங்குலத்துக்கே விடுவார்கள். அது மிகையில்லை. 2014 ஜனவரி 28-இல் அட்லாண்டாவில் விழுந்தது மூன்று அங்குலம்கூட இல்லை. டயருக்கடியில் உருகிய பனி மறுபடி உறைந்து, ஆயிரக்கணக்கானோர் இரவு முழுக்கக் காரிலேயே கிடந்தார்கள். 2021 பிப்ரவரியில் டெக்சாஸில் 45 லட்சம் வீடுகளுக்கு மேல் மின்சாரம் போனது, இருநூறு பேருக்கு மேல் இறந்தார்கள்.

அதனால் ‘வாட்ச்’ வந்த அன்றே அக்கா மகளுக்குப் போன் போடுகிறேன்: தண்ணீர் பிடித்து வை, குழாய் உறையாமலிருக்க மெதுவாகச் சொட்ட விடு, காருக்குப் பெட்ரோல் ஊற்று. பனி நின்ற பிறகு இன்னும் இரண்டு காலைகளின் குறைந்தபட்ச வெப்பநிலையைப் பார்த்துவைத்துக்கொள்கிறேன். அது பூஜ்யத்துக்கு மேலே வரும் வரை வண்டி எடுக்காதே என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன்.