இந்த விசையை யார் தருகிறார்கள்? இயக்க விதிகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தாராவியில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலையில் அறிவியல் சொல்லித் தருகிறேன். நியூட்டனின் மூன்று விதிகளையும் கடகடவென்று ஒப்பிக்கிறார்கள். ஆனால் லோக்கல் ரயில் பிரேக் போட்டதும் நிற்பவர்கள் ஏன் முன்னால் சாய்கிறார்கள் என்று கேட்டால், "ஒரு விசை முன்னால தள்ளுது" என்றுதான் பதில் வருகிறது.

முதலில் கைவிட வேண்டியது இதைத்தான். அங்கே தள்ளுவதற்கு எதுவுமே இல்லை. ரயிலின் வேகத்திலேயே நம் உடம்பும் போய்க்கொண்டிருந்தது. பிரேக் போட்டதும் பெட்டியின் வேகம் குறைகிறது, தரையின் உராய்வு காலைப் பின்னுக்கு இழுக்கிறது. மேல் உடம்போ பழைய வேகத்திலேயே போகப் பார்க்கிறது. இதுதான் நிலைமம். அது பொருளின் இயல்பு, விசை அல்ல. விசைகளை அம்புகளால் காட்டும் படத்தில் அதற்கு அம்புக்குறி போடக் கூடாது. ரயில் நிற்பதற்கு முன்பே குதிக்கும் பையன்களுக்கு இது மதிப்பெண் விஷயம் மட்டுமில்லை. கால் பிளாட்பாரத்தில் பட்டு நின்றுவிடும், உடம்பு ரயிலின் வேகத்தில் போகும். தயவுசெய்து குதிக்காதீர்கள்.

கேரம் ஸ்ட்ரைக்கரிலும் இதே குழப்பம்தான். விரலை விட்டு விலகிய பிறகும் விரலின் விசை கூடவே போவதாக நினைத்து, முன்னோக்கி ஓர் அம்பு வரைகிறார்கள். விரல் விட்டதும் அந்த விசை முடிந்துவிட்டது. பவுடர் போட்டால் ஸ்ட்ரைக்கர் அதிக தூரம் ஓடுவதற்குக் காரணம், தடுக்கும் உராய்வு குறைவதுதான். உராய்வே இல்லையென்றால், எதிலும் மோதும்வரை அதே வேகத்தில் நேராகப் போகும். 1687-இல் நியூட்டன் வெளியிட்ட முதல் விதி சொல்வதும் இதைத்தான். அதனால் ஒவ்வோர் அம்புக்கும் "இந்த விசையை எது தருகிறது, எதன்மீது தருகிறது?" என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் அம்பை அழித்துவிடுங்கள்.

மூன்றாம் விதியில் வரும் தவறு இதைவிடப் பிடிவாதமானது. மேசைமேல் புத்தகம் இருக்கிறது. எடை, அதாவது பூமி இழுக்கும் விசை, கீழே; மேசை தரும் விசை மேலே. இரண்டும் சமம், எதிர்த்திசை. உடனே விசை, எதிர்விசை என்று எழுதிவிடுகிறார்கள். ஆனால் இரண்டுமே புத்தகத்தின்மீதுதான் செயல்படுகின்றன. விசையும் எதிர்விசையும் எப்போதும் வெவ்வேறு பொருள்கள்மீதுதான் இருக்கும். பூமி புத்தகத்தை இழுக்கிறது என்றால், அதற்கு எதிர்விசை புத்தகம் பூமியை இழுப்பது. மேசை புத்தகத்தைத் தாங்குவதற்கு எதிர்விசை, புத்தகம் மேசையை அழுத்துவது. இது பிடிபட்டால், "இரண்டும் சமம் என்றால் ஒன்றையொன்று ரத்து செய்துவிடாதா?" என்ற கேள்வியும் தீரும். நடக்கும்போது கால் தரையைப் பின்னால் தள்ளுகிறது, தரை காலை முன்னால் தள்ளுகிறது. காலுக்குக் கிடைப்பது ஒன்றுதான். அதனால்தான் நகர்கிறோம்.

அப்புறம் இரண்டாம் விதிக் கணக்குக்கு வருவோம். விசையை நிறையால் வகுத்தால் முடுக்கம், அதாவது திசைவேகம் மாறும் வீதம், கிடைக்கும். 20 கிலோ பெட்டியை 50 நியூட்டன் விசையால் தள்ளுகிறோம், உராய்வு 10 நியூட்டன். 50-ஐ 20-ஆல் வகுத்து 2.5 என்று எழுதக் கூடாது. மிச்சமுள்ள 40 நியூட்டன்தான் முடுக்கத்தைத் தரும். விடை 2 மீ/வி². நிறை கிராமில் இருந்தால் கிலோவுக்கு மாற்றுங்கள். 10 கிலோ அரிசி என்பது நிறை, அதன் எடை சுமார் 98 நியூட்டன்.

நன்றாகப் படிக்கும் பிள்ளைகளும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. நேராக மேலே எறிந்த பந்து உச்சியைத் தொடும் கணத்தில் முடுக்கம் சுழி என்று எழுதிவிடுகிறார்கள். சுழியாவது திசைவேகம் மட்டும்தான். பூமி அப்போதும் இழுத்துக்கொண்டுதான் இருக்கிறது, முடுக்கம் அங்கேயும் கீழ்நோக்கி 9.8 மீ/வி². அதுவும் சுழியாகிவிட்டால் பந்து கீழே வராமல் அங்கேயே நின்றிருக்க வேண்டும்.