லாங் ரைடுக்கு முன் பைக் டயர் இன்னும் எத்தனை கிலோமீட்டர் தாங்கும்? நீங்களே கணக்குப் போடும் முறை

நீண்ட பயணம் கிளம்பும்போது எஞ்சின் ஆயில், செயின், பிரேக் எல்லாவற்றையும் கவனமாகப் பார்க்கிறவர்கள்கூட டயரைக் காலால் ஒரு தட்டு தட்டி, "நல்லாத்தானே இருக்கு" என்று விட்டுவிடுகிறார்கள். வண்டியும் நாமும் சாலையைத் தொடுவது டயர் மூலமாக மட்டும்தான், அதுவும் உள்ளங்கை அளவு இடத்தில். அதற்குப் பத்து நிமிடம் ஒதுக்கியே ஆக வேண்டும்.

புதிதாக ஓட்டுகிறவர்கள் வழக்கமாகக் கேட்பது, "பின் டயர் எத்தனை கிலோமீட்டர் வரும்?" ஒருவர் 12,000 என்பார், இன்னொருவர் 30,000 என்பார். இரண்டு பேர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம். டயரின் ரப்பர், வண்டியின் எடை, காற்றழுத்தம், சாலை, வெயில், பிரேக் பிடிக்கும் பழக்கம் எல்லாம் சேர்ந்துதான் தேய்மானத்தை முடிவு செய்கின்றன. அதனால் அடுத்தவர் சொல்லும் எண்ணை வைத்து முடிவெடுக்காதீர்கள். உங்கள் வண்டியில் உங்கள் டயர் என்ன வேகத்தில் தேய்கிறது என்று அளந்துவிட்டால் மீதி சாதாரணக் கழித்தல், வகுத்தல்தான்.

உதாரணத்துக்குச் சென்னையில் ஓடும் ஒரு 350 சிசி வண்டியை எடுத்துக்கொள்வோம். அதற்கு முன்னால் இரண்டு பயணத் திட்டங்கள். ஒன்று கன்னியாகுமரி போய்த் திரும்புவது, சுமார் 1,400 கி.மீ. இன்னொன்று நாக்பூர், டெல்லி, மணாலி வழியாக லே போய், நுப்ரா, பாங்காங் பக்கம் சுற்றிவிட்டு அதே வழியில் திரும்புவது, சுமார் 7,000 கி.மீ. ஒரே டயர் முதல் பயணத்துக்குத் தாராளமாகப் போதும், இரண்டாவதுக்குப் போதாது. எப்படி என்று கீழே பார்ப்போம்.

தேவையானவை: டயர்ப் பள்ளங்களின் ஆழம் அளக்கும் டெப்த் கேஜ் ஒன்று (டிஜிட்டல் வகையே சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும்), காற்றழுத்தம் பார்க்கும் கேஜ், டார்ச், எழுதி வைக்க நோட்டு. வீட்டில் வெர்னியர் காலிப்பர் இருந்தால் அதன் வால் பக்கத்தில் நீளும் கம்பியே ஆழம் காட்டிவிடும், தனியாக கேஜ் வாங்க வேண்டியதில்லை.

படி 1: அளப்பதற்கு முன், தேறாத டயரைக் கழியுங்கள்

வண்டியை சென்டர் ஸ்டாண்டில் போட்டு, சக்கரத்தை மெதுவாகச் சுற்றியபடி டார்ச் அடித்துப் பாருங்கள். பக்கச் சுவரில் வீக்கம் இருந்தாலோ, உள்ளே இருக்கும் நூல் வெளியே தெரிந்தாலோ, பக்கவாட்டில் ஆணி ஏறி பஞ்சர் ஒட்டியிருந்தாலோ அந்த டயருக்குக் கணக்கே தேவையில்லை, மாற்றிவிடுங்கள். ரீட்ரேட் செய்த (பழைய டயரின் மேல் புது ரப்பர் ஒட்டிய) டயருக்கும் இதே தீர்ப்புதான். நெடுஞ்சாலை வேகத்தில் அந்த மேல் ரப்பர் கழன்றால் பிடித்து நிறுத்த நேரம் இருக்காது.

அடுத்து வயது. பக்கச் சுவரில் டி.ஓ.டி. (DOT) என்று தொடங்கும் எழுத்து வரிசையின் முடிவில், ஒரு சிறு நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 1422 என்றிருந்தால் 2022-ம் ஆண்டின் 14-வது வாரம், அதாவது ஏப்ரல் மாதத் தொடக்கத்தில் செய்த டயர். ஒரு பக்கம் காணவில்லை என்றால் மறுபக்கம் தேடுங்கள். ஐந்து வருடம் தாண்டிய டயரை, பட்டன் (சாலையைத் தொடும் ரப்பர்க் கட்டிகள்) எவ்வளவு ஆழமாக இருந்தாலும், நான் தூரப் பயணத்துக்கு எடுத்துப்போக மாட்டேன். ரப்பர் காலப்போக்கில் இறுகிவிடும். இறுகின ரப்பர் கொஞ்சமாகத்தான் தேயும், அதைப் பார்த்து "நல்லா உழைக்குது" என்று சந்தோஷப்படுகிறோம். ஆனால் ஈரச் சாலையில் அதற்குப் பிடிப்பு இருக்காது. வெயிலிலேயே நிற்கும் வண்டி என்றால் பள்ளங்களின் அடியிலும் பக்கச் சுவரிலும் மயிரிழை வெடிப்புகள் தெரியும். டயரைக் கொஞ்சம் அழுத்தி விரித்துப் பார்த்தால்தான் சில வெடிப்புகள் கண்ணில் படும்.

படி 2: எல்லைக்கோட்டைக் கண்டுபிடியுங்கள்

டயரின் ஓரத்தில் சின்ன முக்கோணமோ, டி.டபிள்யூ.ஐ. (TWI, தேய்மான அடையாளம்) என்ற எழுத்துகளோ அச்சாகியிருக்கும். அதற்கு நேரே மேலே போனால், பட்டன்களுக்கு நடுவில் இருக்கும் பள்ளத்தின் அடியில் குட்டி மேடு ஒன்று தெரியும். பட்டன் தேய்ந்து தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாக வந்துவிட்டால் டயர் முடிந்தது என்று பொருள். மத்திய மோட்டார் வாகன விதிகள் இரு சக்கர வண்டிக்குக் கேட்கும் குறைந்தபட்ச ஆழம் 0.8 மி.மீ.

அந்த எண் மொட்டை டயருக்கு முந்தைய நிலை. பயணம் கிளம்பும்போது அதை இலக்காக வைத்துக் கணக்குப் போடாதீர்கள். பள்ளங்கள் இருப்பதே சாலையில் நிற்கும் தண்ணீரை ஒதுக்கித் தள்ளுவதற்குத்தான். ஆழம் குறையக் குறைய அந்த வேலை நடக்காது, டயர் தண்ணீர்மேல் ஏறி வழுக்கும். ரப்பர் மெலிந்த டயரில் ஆணியும் சீக்கிரம் ஏறும். அதனால் என் எல்லை 2 மி.மீ. பயணம் முடிந்து வீட்டு வாசலில் நிற்கும்போது 2 மி.மீ. மிச்சமிருக்க வேண்டும். இது சட்டம் சொல்வது கிடையாது, நான் வைத்துக்கொள்ளும் விதி.

படி 3: அளவு எடுங்கள்

பின் டயரின் நடுவில் ஓடும் பள்ளத்தில் கேஜை நேராக நிறுத்தி அளவெடுங்கள். சாய்த்தால் தப்பாகக் காட்டும். குட்டி மேடு இருக்கும் இடத்தைத் தவிர்த்துவிடுங்கள். சக்கரத்தைச் சுற்றி மூன்று இடங்களில் நடுவிலும், இடது வலது தோள்களிலும் (பக்கச் சுவரை ஒட்டிய ஓரங்கள்) அளந்து எழுதுங்கள். சராசரி எடுக்காதீர்கள். இருப்பதிலேயே குறைந்த எண்தான் உங்கள் டயரின் ஆழம்.

இந்த எண்களே நிறையச் சொல்லும். நடு மட்டும் தட்டையாகத் தேய்ந்திருந்தால் நேரான நெடுஞ்சாலையிலேயே அதிகம் ஓடியிருக்கிறீர்கள், அல்லது காற்று அதிகமாக இருந்திருக்கிறது. இரண்டு தோள்களும் நடுவைவிட வேகமாகக் கரைந்திருந்தால் காற்றுக் குறைவாக ஓட்டியிருக்க வாய்ப்பு அதிகம். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவு, வால்பாறையின் 40 வளைவு என்று அடிக்கடி மலை ஏறுகிறவர்களுக்கும் தோள் தேயும், அது இயல்பு. ஒரு பக்கத் தோள் மட்டும் தேய்ந்திருந்தால் சக்கரம் நேராக இருக்கிறதா என்று மெக்கானிக்கிடம் காட்டுங்கள். அதைச் சரி செய்யாமல் புது டயர் போட்டால் அதுவும் அப்படியேதான் போகும்.

படி 4: தேய்மான வேகம்

இதற்கு மூன்று எண் வேண்டும்: டயர் புதிதாக இருந்தபோது ஆழம், இப்போதைய ஆழம், இடையில் ஓடிய கிலோமீட்டர். புது ஆழம் தெரியாது என்றால், டயர் கடையில் அதே கம்பெனி, அதே மாடல், அதே அளவு டயரைக் காட்டச் சொல்லி கேஜை வைத்துப் பாருங்கள். யாரும் மறுக்க மாட்டார்கள்.

டயர் மாற்றிய தேதியும் கிலோமீட்டரும் நினைவில்லையா? செகண்ட் ஹேண்ட் வண்டியா? அப்போது இன்று ஒரு அளவு எடுத்துவிட்டு, 1,000 கிலோமீட்டர் ஓட்டிய பிறகு அதே இடத்தில் மறுபடி அளந்து பாருங்கள். வித்தியாசம் சின்னதாக இருக்கும் என்பதால் இதற்கு டிஜிட்டல் கேஜ்தான் சரிப்படும். பயணத்துக்கு இரண்டு மாதம் முன்பே இதைத் தொடங்கிவிடுங்கள்.

நம் உதாரண வண்டிக்கு இப்படி வைத்துக்கொள்வோம்:

புது ஆழம் 7.2 மி.மீ.
இப்போது 4.2 மி.மீ.
ஓடியது 10,000 கி.மீ.

தேய்ந்தது 3 மி.மீ. ஆகவே 1,000 கிலோமீட்டருக்கு 0.3 மி.மீ.

சட்ட எல்லையான 0.8 வரை போகலாம் என்று நினைத்தால் கையில் 3.4 மி.மீ. இருக்கிறது, அதாவது 11,300 கி.மீ. "லே போய்ட்டு வந்தும் மிச்சம் இருக்கே" என்று தோன்றும். 2 மி.மீ. எல்லை வைத்தால் கையில் இருப்பது 2.2 மி.மீ., 7,300 கி.மீ. இப்போதும் 7,000 கி.மீ. பயணத்துக்குச் சரியாகப் போதும் போலத்தான் தெரிகிறது. இந்த இடத்தில்தான் நிறைய பேர் கணக்கை நிறுத்திவிடுகிறார்கள். இன்னும் ஒரு படி இருக்கிறது.

படி 5: பயணத்தின் பாரத்தைச் சேருங்கள்

அந்த 0.3 என்பது ஊருக்குள் தனியாக ஓட்டியபோது கிடைத்த எண். பயணத்தில் பின்னால் ஒருவர் உட்கார்ந்திருப்பார், இரண்டு பக்கமும் பை தொங்கும், மணிக்கணக்கில் ஒரே வேகத்தில் ஓடும். கோடை மதியத்தில் தார்ச்சாலையின் மேற்பரப்பு 60 டிகிரியைத் தாண்டும். சூடான ரப்பர் மென்மையாகி வேகமாகக் கரையும். நான் பயன்படுத்தும் பெருக்கல் எண்கள் இவை: தனியாக, லேசான சுமையோடு நல்ல சாலையில் போனால் 1.2. ஆள், சுமை, வெயில், மோசமான சாலை எல்லாம் சேர்ந்தால் 1.5. ஒரு பயணம் போய் வந்ததும் முன்னும் பின்னும் அளந்து பார்த்தால் உங்களுக்கான சொந்த எண் கிடைத்துவிடும். அதற்குப் பிறகு என் எண்ணைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

நம் வண்டிக்கு 1.5 போட்டால் 1,000 கிலோமீட்டருக்கு 0.45 மி.மீ. கையில் இருக்கும் 2.2 மி.மீ. இப்போது 4,900 கிலோமீட்டருக்குத்தான் வரும்.

கன்னியாகுமரிக்கு இது பிரச்சினையே இல்லை. 1,400 கிலோமீட்டரில் தேய்வது 0.63 மி.மீ. திரும்பி வரும்போது ஏறத்தாழ 3.6 மி.மீ. இருக்கும். ஐப்பசி மழையில் போனால்கூடக் கவலையில்லை.

லே பயணத்தில் அந்த 4,900-வது கிலோமீட்டர் எங்கே வருகிறது என்று பாருங்கள். சென்னையிலிருந்து லே வரை 3,200, அங்கே சுற்றுவது 700 என்று வைத்தால், திரும்பி டெல்லிக்கு வரும்போது எல்லை முடிந்துவிடும். வீட்டுக்கு இன்னும் 2,000 கிலோமீட்டருக்கு மேல் பாக்கி. மணாலி–லே சாலை கோடையில் திறந்து குளிர்காலத்தில் மூடிவிடும் என்பதால் பெரும்பாலானோர் ஜூலை, ஆகஸ்டில்தான் போகிறார்கள். அந்த மாதங்களில் மத்தியப் பிரதேசத்திலும் நாக்பூர் இருக்கும் விதர்பா பகுதியிலும் தென்மேற்குப் பருவமழை கொட்டும். டயர் மிகவும் தேய்ந்திருக்கும் நேரமும் சாலை மிகவும் ஈரமாக இருக்கும் நேரமும் ஒன்றாக வந்து சேர்கின்றன. வெறும் கிலோமீட்டர் எண்ணை மட்டும் பார்த்தால் இது தெரியாது. அதனால் விடையை வரைபடத்தில் வைத்து, எந்த ஊரில், எந்தப் பருவத்தில் டயர் எல்லையைத் தொடுகிறது என்று பாருங்கள்.

படி 6: முன் டயர்

இதே கணக்குதான். பின் டயர்தான் வண்டியைத் தள்ளுகிறது, சுமையில் பெரும்பங்கும் அதன்மேல்தான். அதனால் பொதுவாக முன் டயர் அதைவிட நீண்ட நாள் உழைக்கும். ஆனால் அதன் புது ஆழமே குறைவு என்பதால் பின் டயரின் எண்ணை இதற்குப் போடாதீர்கள், தனியாக அளவெடுங்கள். பட்டன்களின் ஓரத்தைக் கையால் தடவும்போது ஒரு திசையில் வழவழப்பாகவும் எதிர்த்திசையில் அரம் போலவும் இருந்தால் ஏற்ற இறக்கமாகத் தேய்ந்திருக்கிறது. ஹேண்டில்பாரில் ஒரு நடுக்கமும் உறுமலும் வரும். அவசரத்தில் வண்டியை நிறுத்துவது பெரும்பாலும் முன் பிரேக்தான் என்பதால் முன் டயரில் சந்தேகம் வந்தால் நான் மாற்றும் பக்கமே சாய்வேன்.

படி 7: மாற்றுவது என்று முடிவானால்

கிளம்புவதற்கு முந்தைய நாள் மாற்றாதீர்கள். புது டயரின் மேற்பரப்பு வழவழப்பாக இருக்கும். முதல் 150 கிலோமீட்டர் வரை வளைவிலும் பிரேக்கிலும் நிதானமாக ஓட்டி அதைச் சொரசொரப்பாக்க வேண்டும். ஒரு வாரம், பத்து நாள் முன்பே மாற்றுங்கள். டயரில் இருக்கும் அம்புக்குறி, சக்கரம் சுற்றும் திசையைக் காட்டுகிறதா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள். டியூப் போடும் ரிம் என்றால் டியூபையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். நாலு இலக்கத் தேதியையும் படியுங்கள், கடையில் இரண்டு வருடம் கிடந்த டயரை வாங்க வேண்டியதில்லை.

கழற்றிய டயரைக் கடையில் விட்டுவராதீர்கள். 4.2 மி.மீ. இருக்கும் டயர் ஊருக்குள் ஓட்ட நன்றாகவே உதவும். வெயில் படாத இடத்தில் வைத்துவிட்டுப் பயணம் முடிந்ததும் மறுபடி மாட்டிக்கொள்ளலாம்.

வழியில்

தினமும் காலையில், வண்டியை எடுப்பதற்கு முன், டயர் ஆறியிருக்கும்போது காற்றழுத்தம் பாருங்கள். செயின் கவரிலோ கையேட்டிலோ தனியாள், இரண்டு ஆள் என்று தனித்தனி எண் போட்டிருப்பார்கள். சுமையோடு போகும்போது இரண்டாவது எண். மதியம் சூடான டயரில் அழுத்தம் ஏறித்தான் காட்டும், அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிடாதீர்கள். குறைந்த காற்றில் ஓடினால் டயர் இன்னும் சூடாகி, நீங்கள் போட்ட கணக்கு மொத்தமும் பொய்யாகிவிடும்.

1,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை கேஜை வைத்துப் பாருங்கள். கணக்கைவிட வேகமாகத் தேய்கிறது என்றால் உடனே திட்டத்தை மாற்றுங்கள். லே பக்கம் போகிறவர்கள் இந்த முடிவை டெல்லியிலோ சண்டிகரிலோ எடுத்துவிட வேண்டும். மணாலியைத் தாண்டினால் உங்கள் அளவு டயர் கிடைப்பது உறுதியில்லை. டெல்லி, சண்டிகர் கடைகளிலும் இருப்பு இல்லாமல் போகலாம் என்பதால் இரண்டு நாள் முன்பே போன் செய்து, அளவைச் சொல்லி, எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.