செல்ஃப் எடுக்காத பழைய அம்பாசடர்: புது பேட்டரி வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

மதுரைப் பக்கம் இன்னும் சில வீட்டு ஷெட்டுகளில் பழைய அம்பாசடர் நிற்கிறது. மாப்பிள்ளை அழைப்பு, சித்திரைத் திருவிழாவுக்கு வரும் சொந்தக்காரர்கள் என்று எப்போதாவதுதான் வெளியே எடுப்பார்கள். அன்றைக்குப் பார்த்துச் சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம், அதோடு சரி. சுற்றி நிற்பவர்கள் எல்லாரும் "பேட்டரி போச்சு, மாத்திருங்க" என்பார்கள். அவசரப்படாதீர்கள். நான் பார்த்த வரையில் பழைய வண்டியில் முதலில் சந்தேகப்பட வேண்டியது எர்த் வயரை. பேட்டரி அதற்கு அப்புறம்தான்.

இங்கே சொல்வது 1489 சிசி பெட்ரோல் இஞ்சின் உள்ள அம்பாசடருக்கு. பிரீமியர் பத்மினி காருக்கும் பெரும்பாலும் பொருந்தும். டீசல் வண்டி என்றால் கடைசியில் வரும் ஸ்பார்க் பகுதியை விட்டுவிடுங்கள். வேண்டியவை ஒரு சாதாரண மல்டிமீட்டர், ஸ்பேனர், உப்புத்தாள், ஜம்பர் கேபிள், சாவி திருப்ப ஓர் ஆள்.

தொடங்கும் முன்

கியர் நியூட்ரலில் இருக்கட்டும், ஹேண்ட்பிரேக் போடுங்கள். மோதிரம், கைச்செயின், வாட்ச் எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள். பேட்டரியிலிருந்து வரும் வாயு தீப்பிடிக்கும், பக்கத்தில் பீடி சிகரெட் கூடாது. பேட்டரி வயரைக் கழற்றும்போது பாடிக்குப் போகும் எர்த் வயரை முதலில் கழற்றுங்கள், மாட்டும்போது கடைசியில் மாட்டுங்கள். மிகப் பழைய பிரிட்டிஷ் வகை வண்டிகளில் பாசிட்டிவ்தான் பாடிக்குப் போயிருக்கும். எந்த முனை பாடிக்குப் போகிறது என்று கண்ணால் பார்த்து உறுதி செய்துகொண்டு வேலையைத் தொடங்குங்கள். வயர் நிறத்தை நம்ப வேண்டாம். இத்தனை வருஷத்தில் எத்தனை எலக்ட்ரீஷியன் கை வைத்திருப்பார், கிடைத்த நிறத்தில் எதை இழுத்திருப்பார் என்று யாருக்குத் தெரியும்?

முதலில் ஹெட்லைட்

மீட்டரை எடுப்பதற்கு முன்பே ஒரு சோதனை செய்யலாம். ஹெட்லைட்டைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். வெளிச்சம் சுத்தமாக அணைந்தால் பேட்டரி டெர்மினலில் பிடிப்பு இல்லை, அல்லது பேட்டரி காலி. மங்கினால் பேட்டரி பலவீனம், அல்லது செல்ஃப் மோட்டார் எங்கோ சிக்கி நிற்கிறது. வெளிச்சம் அப்படியே இருந்து செல்ஃபும் சுற்றவில்லை என்றால் மோட்டாருக்குக் கரண்ட் போய்ச் சேரவில்லை, அல்லது மோட்டாருக்குள்ளேயே கோளாறு.

பேட்டரி

முழு சார்ஜில் உள்ள 12 வோல்ட் பேட்டரி, வண்டி ஓடாமல் சில மணி நேரம் நின்ற பிறகு 12.6 வோல்ட் காட்டும். 12.2 என்றால் ஏறக்குறையப் பாதிதான் இருக்கிறது, சார்ஜ் போட்டுவிட்டு மறுபடி பாருங்கள். அக்னி நட்சத்திரச் சமயத்தில் பேட்டரித் தண்ணீர் வேகமாக வற்றும். தகடு வெளியே தெரிந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றுங்கள், போர் தண்ணீர் ஆகவே ஆகாது. டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால் ஆப்ப சோடா கலந்த தண்ணீரால் கழுவி, உள்பக்கம் பளிச்சென்று தெரியும் வரை உப்புத்தாள் போட்டு, இறுக்கிய பிறகு மேலே வேசலின் தடவுங்கள். கழுவும்போது தண்ணீர் பேட்டரிக்குள் போய்விடக் கூடாது.

எர்த்: இங்கேதான் நிதானம் வேண்டும்

இஞ்சின் ரப்பர் மவுண்ட்டில் உட்கார்ந்திருக்கிறது, ரப்பரில் கரண்ட் போகாது. அதனால் இஞ்சினையோ கியர்பாக்ஸையோ பாடியோடு இணைக்க ஒரு பட்டை வயர் இருக்கும். இஞ்சினை இறக்கி ஏற்றிய வண்டிகளில் பலமுறை இதைத் திரும்ப மாட்டவே மறந்துவிடுகிறார்கள். மாட்டினாலும் பெயின்ட் மேல், துரு மேல் போல்ட்டை இறுக்கி விடுகிறார்கள். அப்போது கரண்ட் வேறு வழி தேடி சோக் கேபிள் வழியாகவும் ஆக்ஸிலேட்டர் கேபிள் வழியாகவும் போகும். செல்ஃப் அடிக்கும்போது சோக் கேபிள் சூடானால் வேறு எதையும் பார்க்க வேண்டாம், எர்த்தான்.

மீட்டரில் அளப்பது இப்படி. முதலில் இக்னிஷன் காயிலுக்கு (ஸ்பார்க்குக்கு வேண்டிய உயர் வோல்ட்டைத் தருவது) சாவியிலிருந்து வரும் மெல்லிய வயரைக் கழற்றி, நுனியில் டேப் சுற்றி ஒதுக்குங்கள். இஞ்சின் பற்றிக்கொள்ளாமல் இருக்கத்தான் இது. மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வையுங்கள். ஒரு முனையை பேட்டரியின் எர்த் பக்க ஈயக் கம்பத்தில் வையுங்கள், கிளாம்ப்பில் அல்ல. மறு முனையை இஞ்சின் பிளாக்கில் சுத்தமான இரும்பில் அழுத்துங்கள். சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். 0.3 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. 1 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அவ்வளவும் அந்த வழியில் வீணாகிறது. 150 ஆம்பியர் ஓடும் இடத்தில் வெறும் 0.01 ஓம் தடை இருந்தாலே 1.5 வோல்ட் காணாமல் போய்விடும். அதனால்தான் ஹார்ன், லைட் எல்லாம் ஜோராக வேலை செய்யும், செல்ஃப் மட்டும் முனகும்.

மீட்டர் இல்லையா? பேட்டரியின் எர்த் முனையிலிருந்து இஞ்சின் பிளாக்குக்கு ஒரு ஜம்பர் கேபிளை நேராகப் போட்டுவிட்டு செல்ஃப் அடியுங்கள். சட்டென்று சுற்றினால் கோளாறு தெரிந்துவிட்டது. பட்டை வயரைக் கழற்றி, இரண்டு பக்கமும் இரும்பு தெரியச் சுரண்டி மாட்டுங்கள். நைந்திருந்தால் புதிது போடுங்கள்.

அதே முறையில் மறுபக்கமும் பாருங்கள்: பேட்டரியின் இன்னொரு கம்பத்திலிருந்து செல்ஃப் மோட்டாரின் பெரிய போல்ட் வரை. செல்ஃப் சுற்றும்போது 0.5 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால் சோலனாய்டின் (சாவியைத் திருப்பும்போது செல்ஃபுக்குப் பெரிய கரண்டை இணைத்துவிடும் ஸ்விட்ச்) இரண்டு பெரிய போல்ட்டுகளுக்கு இடையே அளந்து பாருங்கள். அங்கேயே நிறைய இழந்தால் சோலனாய்டு உள்ளே கருகியிருக்கிறது.

சோலனாய்டும் செல்ஃப் மோட்டாரும்

சில பழைய லூகாஸ் சோலனாய்டுகளின் பின்னால் ஒரு ரப்பர் பொத்தான் உண்டு. கியர் நியூட்ரல்தானா என்று மறுபடி பார்த்துவிட்டு அதைக் கையால் அழுத்துங்கள். செல்ஃப் சுற்றினால் மோட்டார் நலம், சாவி ஸ்விட்ச்சும் அதன் வயரும்தான் கோளாறு.

மோட்டார் 'விர்' என்று தனியாகச் சுற்றி இஞ்சின் அசையாவிட்டால் பெண்டிக்ஸ் (மோட்டாரின் பல்சக்கரத்தை இஞ்சினோடு கோக்கும் பாகம்) அழுக்கில் ஒட்டியிருக்கும். கழற்றி மண்ணெண்ணெயில் கழுவி உலர விடுங்கள். ஆயில் போடாதீர்கள், போட்டால் தூசி பிடித்துத் திரும்ப ஒட்டும். பினியன், அதாவது மோட்டாரின் அந்தச் சின்னப் பல்சக்கரம், இஞ்சினின் ரிங் கியரில் சிக்கிக்கொண்டால் சாவியை எடுத்துவிட்டு, டாப் கியரில் போட்டு, ஹேண்ட்பிரேக்கை இறக்கி வண்டியை முன்னும் பின்னும் ஆட்டுங்கள், பெரும்பாலும் விடுபடும். கார்பன் பிரஷ், ஆர்மேச்சர் வேலையை ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுவதே மேல்.

எந்தச் சோதனையிலும் தொடர்ந்து 10 விநாடிக்கு மேல் செல்ஃப் அடிக்க வேண்டாம், நடுவில் ஆற விடுங்கள்.

நன்றாகச் சுற்றுகிறது, பற்றவில்லை

காயில் வயரைத் திரும்ப மாட்டுங்கள். டிஸ்ட்ரிபியூட்டரின் நடு வயரைப் பிடுங்கி, இன்சுலேஷன் உள்ள கட்டிங் பிளேயரால் பிடித்து, பிளாக்கிலிருந்து 5 மில்லிமீட்டர் தள்ளி வைத்துச் சுற்றுங்கள். கார்பரேட்டர் பக்கம் வேண்டாம். நீலமாகச் 'சட் சட்' என்று அடிக்க வேண்டும். மஞ்சளாக நோஞ்சானாக வந்தால் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் காயில் கரண்டைத் திறந்து மூடும் பாயின்டும் அதோடு இருக்கும் கண்டன்சரும் சந்தேகம். நாள்பட நின்ற வண்டியில் பாயின்ட் முகத்தில் படலம் பிடித்திருக்கும். மெல்லிய உப்புத்தாளால் ஒரு இழுப்பு, பிறகு 0.4 மில்லிமீட்டர் இடைவெளி வைத்தால் பல வண்டிகள் அங்கேயே கிளம்பிவிடும். சோதனை முடிந்தும் சாவியை ஆனிலேயே விட்டுவிடாதீர்கள், காயில் வெந்துபோகும்.

கிளம்பிய பிறகு

ஆல்டர்னேட்டர் உள்ள வண்டி என்றால் கொஞ்சம் ரேஸ் செய்து பேட்டரியில் அளங்கள், 13.8 முதல் 14.4 வோல்ட் வரை வர வேண்டும். டைனமோ வண்டியில் ஐடிலில் டாஷ்போர்டின் சிவப்பு சார்ஜ் விளக்கு மினுக்கினால் பயப்பட வேண்டாம், வேகம் கூடியதும் அணைய வேண்டும். அணையாவிட்டால் முதலில் ஃபேன் பெல்ட்டை அழுத்திப் பாருங்கள். தொய்ந்திருந்தால் அதை இறுக்கிவிட்டு டைனமோவைப் பற்றி யோசிக்கலாம்.