வாங்கி வைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள்

பேரிடர்ச் செய்தி ஒன்று வந்துவிட்டால் போதும், பலர் கடைக்கு ஓடுவார்கள். டார்ச், மெழுகுவர்த்தி, முதலுதவிப் பெட்டி எல்லாவற்றையும் ஒரு பையில் அடைத்துப் பரணில் ஏற்றிவிட்டால் வேலை முடிந்தது என்று நிம்மதி அடைவார்கள். பெரும்பாலான தவறுகள் அந்த நிம்மதியில்தான் தொடங்குகின்றன.

இரண்டு வருடம் கழித்து அந்த டார்ச்சைத் திறந்து பாருங்கள். உள்ளேயே கிடந்த பேட்டரி கசிந்து, ஸ்பிரிங் மீது வெள்ளையாகப் பூத்திருக்கலாம். பிறகு எத்தனை முறை அழுத்தினாலும் அது எரியாது. பேட்டரியைக் கழற்றித் தனியே வைத்திருந்தால் இந்த வம்பு இல்லை. பவர் பேங்கும் சும்மா கிடக்கும்போதே மெல்லச் சார்ஜை இழக்கும். சில மாதங்களுக்கு ஒருமுறை ஏற்றி வைக்க வேண்டும். மெழுகுவர்த்தியை நான் பட்டியலிலேயே சேர்க்க மாட்டேன். தீயணைப்பு வண்டி வர முடியாத இரவில் வீட்டுக்குள் நெருப்பு எதற்கு?

தண்ணீர்க் கணக்கில் ஏறக்குறைய எல்லோரும் தவறுகிறோம். குடிக்க, சமைக்க, கை கழுவ என்று ஆளுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 4 லிட்டர் வேண்டும். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு 3 நாட்களுக்கே 48 லிட்டர் ஆகிறது. அலமாரியில் நிற்கும் நான்கைந்து பாட்டில்கள் ஒரு நாளைக்குக் கூடக் காணாது. ‘எந்தத் தண்ணீரானாலும் கொதிக்க வைத்தால் சரியாகிவிடும்’ என்ற நம்பிக்கையும் பாதிதான் உண்மை. தெளிந்த நீரை ஒரு நிமிடம் தளதளவென்று கொதிக்கவிட்டால் கிருமிகள் சாகும். எரிபொருளோ ரசாயனமோ கலந்த வெள்ள நீரை எவ்வளவு நேரம் கொதிக்க வைத்தாலும் குடிக்க முடியாது.

மின்சாரம் போனதும் உள்ளே என்ன கெட்டுவிட்டது என்று குளிர்பெட்டியை அடிக்கடி திறந்து பார்ப்பவர்கள், தாங்களே அதைக் கெடுக்கிறார்கள். திறக்காமல் விட்டால் சுமார் 4 மணி நேரம் குளிர்ச்சி நிற்கும்.

எல்லாவற்றிலும் கொடியது ஜெனரேட்டரை வராந்தாவிலோ கார் நிறுத்துமிடத்திலோ ஓடவிடுவது. அதன் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலி, மயக்கம் என்று தொடங்கும். தூங்குகிறவருக்கு அதுவும் தெரியாது. ஜன்னலைத் திறந்து வைத்தால் போதும் என்பது வெறும் நினைப்பு. வீட்டிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளி, கதவு ஜன்னல்கள் பக்கம் வராமல் புகை விலகிப் போகும்படி வைக்க வேண்டும். கரி அடுப்பையும் அப்படித்தான், வீட்டுக்குள் கொண்டுவரவே கூடாது.

அன்றாடம் சாப்பிடும் மருந்துகளை, தீரும் நாள் வரை காத்திருக்காமல், ஒரு வாரத்துக்காவது கூடுதலாக வைத்திருங்கள். முக்கியமான தொலைபேசி எண்கள் செல்பேசியில் மட்டும் இருந்தால் சார்ஜோடு அவையும் போய்விடும், காகிதத்தில் எழுதுங்கள். வெளியூரில் உள்ள ஒருவரைப் பொதுத் தொடர்பாளராக வைத்துக்கொள்வதும் நல்லது. அழைப்பு கிடைக்காத நேரத்திலும் குறுஞ்செய்தி போய்ச் சேர வாய்ப்பு உண்டு.

பணமே செலவில்லாத ஒன்றை மட்டும் யாரும் செய்வதில்லை. மெயின் சுவிட்ச் எங்கே, எரிவாயுவை எங்கே மூடுவது என்று வீட்டில் எத்தனை பேருக்குத் தெரியும்? இன்று இரவே விளக்கை அணைத்துவிட்டு, ஒவ்வொருவரையும் தடவிப் போய்த் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். வெள்ளம் வரும் என்று தெரிந்தால் தண்ணீர் உள்ளே நுழையும் முன்பே மின்சாரத்தை அணைக்க வேண்டும். தண்ணீரில் நின்றுகொண்டு அந்தச் சுவிட்சைத் தொடவே கூடாது.