தலை முதல் வால் வரை தெளிவாக ஒரு தட்டான்

மார்கழிக் காலையில் கானாடுகாத்தான் பக்கம் ஏதாவது ஓர் ஊரணிக் கரையில் உட்கார்ந்து பாருங்கள். கோரை நுனியில் தட்டான் இருக்கும், இறக்கை முழுக்கப் பனித்துளி. வெயில் ஏறி உடம்பு சூடாகும்வரை அது அவ்வளவாக அசையாது. மேக்ரோ படத்துக்கு, அதாவது சின்னப் பொருளை மிக நெருக்கத்தில் பெரிதாக எடுப்பதற்கு, இதைவிட நல்ல நேரம் கிடைக்காது.

சிக்கல் என்னவென்றால், கண் தெளிவாக விழுந்தால் வால் மங்கிவிடும். ஃபுல் ஃப்ரேம் கேமராவில் (36×24 மில்லிமீட்டர் சென்சார்) 1:1 அளவில், அதாவது பூச்சி தன் நிஜ அளவிலேயே சென்சாரில் விழும்படி எடுக்கும்போது, லென்ஸ் துவாரத்தைச் சுருக்கி எஃப்/11 வைத்தாலும் தெளிவாக விழும் ஆழம் ஏறக்குறைய 1.3 மில்லிமீட்டர்தான். இன்னும் சுருக்கி எஃப்/22 வரை போனால் ஆழம் கூடும், ஆனால் படம் முழுக்கவே கூர்மை குறையும்.

அதனால் முதலில் கோணத்தைச் சரி செய்யுங்கள். ஆத்தங்குடித் தரைக்கல்லை நேர் மேலிருந்து எடுத்தால் நாலு மூலையும் தெளிவு. சாய்த்து எடுத்தால் ஒரு மூலை போய்விடும். தட்டானுக்கும் அதே கணக்கு. கேமராவின் முதுகு அதன் உடம்புக்கு இணையாக இருக்க வேண்டும். தேக்குத் தூணில் ஒட்டியிருக்கும் பல்லிக்கும் இப்படித்தான்.

அப்புறம், கொஞ்சம் பின்னால் வாருங்கள். 1:2 அளவில், அதாவது பாதி அளவில், அதே எஃப்/11 சுமார் 4 மில்லிமீட்டர் ஆழம் தரும். பிறகு படத்தின் ஓரங்களை வெட்டிக்கொள்ளலாம்.

காற்றே இல்லையென்றால், ஃபோகஸை இம்மி இம்மியாக நகர்த்திப் பதினைந்து படம் எடுத்து மென்பொருளில் ஒரே படமாக அடுக்கலாம். ஆனால் அசையாமல் இருக்கட்டும் என்று பூச்சியை ஃபிரிட்ஜில் மட்டும் வைக்காதீர்கள், அது பாவம்.