தடைக்காலத்தில் சினிமா பேசுவது எப்படி

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் மீன்பிடிக்கத் தடை. பாம்பனில் அந்த நாட்களில் கொட்டகை நிழலில் வலையைப் பரப்பிக்கொண்டு உட்காருவோம். கை ஊசியில் இருக்கும், வாய் சினிமாவில்.

"படம் மொக்கை" என்று ஆரம்பிக்காதீர்கள். அதற்கு எதிரே இருப்பவர் "உனக்கு ரசனை இல்லை" என்றுதான் சொல்வார். பேச்சு அங்கேயே செத்துவிடும். ஒரு காட்சியைப் பிடியுங்கள்.

போன தடைக்காலத்தில் 'கன்னத்தில் முத்தமிட்டால்' பற்றிப் பேச்சு வந்தது. 2002இல் வந்த படம். ராமேஸ்வரத்துக்கு அகதியாக வந்த பெண், பெற்ற குழந்தையை விட்டுவிட்டுப் புருஷனைத் தேடித் திரும்பிப் போகிறாள். என்னால் அதை ஏற்க முடியவில்லை என்றேன். சித்தப்பா ஊசியைக் கீழே வைத்தார். நூல் விரலில் சுற்றியபடியே இருந்தது.

"அப்படி வந்து இறங்குனவங்களுக்கு நான் கஞ்சி ஊத்திருக்கேன்டா. அவுக முகத்தைப் பாத்திருந்தா நீ இப்படிக் கேக்கமாட்ட."

அந்த மாதிரி நேரத்தில் உடனே பதில் சொல்லக் கூடாது. "என்ன பார்த்தீங்க சித்தப்பா?" என்று கேளுங்கள். நான் கேட்டேன், ஒரு மணி நேரம் பேசினார்.

அப்புறம், சீரியல். அம்மாவோடு வாதிடுவதற்கு முன்னால் பத்து எபிசோடாவது பாருங்கள். முடிவைச் சொல்வதற்கு முன்னால், பார்க்காதவர் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டுவிடுங்கள்.

அன்றிரவே அந்தப் படத்தை மறுபடி பார்த்தேன். அவள் போனது சரி என்று எனக்கு இன்னும் தோன்றவில்லை. மறுநாள் சித்தப்பாவிடம் அதையும் சொன்னேன்.