டுப்ரோவ்னிக்கில் ஒரு பகல்: கப்பல் பயணிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சொகுசுக் கப்பலில் நம்மவர்களை ஐரோப்பாவுக்கு அழைத்துச் செல்வது என் தொழில். குரோஷியாவின் டுப்ரோவ்னிக்கில் இறங்கும் ஒவ்வொரு புதிய குழுவும், தொடக்கத்தில் நான் செய்த பிழைகளையே வரிசை மாறாமல் செய்கிறது. தொப்பி, பாஸ்போர்ட், சார்ஜர் பற்றியெல்லாம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. காசையும் பகலையும் சேர்த்துப் பறிக்கும் தவறுகளை மட்டும் எழுதுகிறேன்.

உச்சிவெயிலில், பிலே வாசலில் மதில் ஏறுவது

இதைப் பார்த்தால் இன்றும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

பழைய நகரைச் சுற்றி 1,940 மீட்டர் நீளத்துக்குக் கல்மதில் நிற்கிறது. ஊருக்கு வருவதே அதன்மேல் நடக்கத்தான். குருஷ் துறைமுகத்திலிருந்து வரும் பஸ் மேற்கே பிலே வாசலில் இறக்கிவிடும். இறங்கியவர்கள் காலைக் குளிர்ச்சியைக் கடைவீதியிலும் ஐஸ்கிரீமிலும் கழித்துவிட்டு, பதினொன்றரை மணிக்கு மதிலை நினைத்துக்கொண்டு, கண்ணில் படும் முதல் படிக்கட்டில் ஏறிவிடுகிறார்கள்.

மேலே ஒருவழிப் பாதை. கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில்தான் நடக்க வேண்டும். பிலேயில் ஏறினால் கடலோரப் பகுதி முதலில் வரும். அங்கே நிழல் அரிது. தெம்பெல்லாம் வடிந்தபின் மின்செட்டா கோபுரத்துக்கான செங்குத்து ஏற்றம் காத்திருக்கும்.

ஒரு ஜூலை மாதம், குழுவில் வந்த ஓய்வுபெற்ற ஆசிரியரையும் அவர் மனைவியையும் தேடிக்கொண்டு போனேன். செயிண்ட் ஜான் கோட்டை அருகே, சுவரோரம் ஒரு முழ நிழலில் அந்த அம்மா உட்கார்ந்திருந்தார். செருப்பு கழன்று கிடந்தது. முந்தானையை நனைத்துத் தலையில் போட்டிருந்தார்.

"தம்பி, இன்னும் எவ்வளவு தூரம்?"

பாதிதான் வந்திருந்தார்கள். "எல்லோரும் இந்தப் பக்கம்தானே ஏறினார்கள்?" என்றார் சார். அங்கேயே இறங்கும் வழி இருந்ததால் மெல்லக் கூட்டிவந்தேன். மின்செட்டாவை அவர்கள் பார்க்கவே இல்லை. 1991, 1992இல் யுகோஸ்லாவியா உடைந்தபோது நடந்த போரில் குண்டுகள் விழுந்து உடைந்த கூரைகளுக்குப் புதிதாக வேய்ந்த ஓடுகள் பளிச்சென்றும், தப்பிய பழைய ஓடுகள் வெளிறியும் தெரிவதை அந்த உயரத்திலிருந்து பார்த்தால்தான் இந்த நகரம் பட்டது புரியும். முழுக் கட்டணம் கட்டியவர்களுக்கு அது கிடைக்காமல் போனதை என்னால் ஆற்றிக்கொள்ள முடியவில்லை.

ஆகவே, கப்பல் காலையில் வந்தால் முதல் வேலை மதில். பிலேயில் ஏறாதீர்கள். ஸ்ட்ராடுன் வீதியை நேராகக் கடந்து, கிழக்கே ப்ளோச்சே பக்கத்து நுழைவுக்குப் போங்கள். கூட்டம் குறைவு, மின்செட்டா ஏற்றமும் கால் சோராத நேரத்தில் முடிந்துவிடும். மீதி பெரும்பாலும் இறக்கமும் கடற்காற்றும்தான். டிக்கெட்டைத் தொலைக்காதீர்கள், நடுவழியிலும் கேட்பார்கள். கப்பல் மதியம்தான் வருகிறது என்றால் வெயில் தாழும்வரை பொறுங்கள். மூடும் நேரம் பருவத்துக்குப் பருவம் மாறும் என்பதால் முன்பே பார்த்துவையுங்கள்.

மதிலுக்கு மட்டும் டிக்கெட் வாங்குவது

2025 கோடையில் மதில் டிக்கெட் 40 யூரோவாக இருந்தது. ஒருநாள் டுப்ரோவ்னிக் பாஸும் அப்போது அதே 40 யூரோதான். பாஸில் மதிலோடு அந்நாள் ஆட்சித்தலைவர் இருந்த ரெக்டர் மாளிகை, அருங்காட்சியகங்கள், நகரப் பஸ் எல்லாம் அடக்கம். வரிசையில் நிற்கும்போது இதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

ஒற்றை நுழைவு விசாவில் வருவது

குரோஷியா 2023 முதல் ஷெங்கன் நாடு, அதாவது ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளில் ஒன்று. பல கப்பல்கள் அடுத்து நிற்கும் மொண்டெனேக்ரோவின் கோட்டோர் ஷெங்கனுக்கு வெளியே. இந்திய பாஸ்போர்ட்காரர்கள் அங்கே போய்விட்டு இத்தாலிக்கோ கிரீஸுக்கோ திரும்ப, பலமுறை நுழையும் விசா தேவை. பயணத்தை முடிவு செய்யும் நாளிலேயே கேட்டுவையுங்கள்.

குடிதண்ணீர் பாட்டில் வாங்குவது

பிலே வாசலுக்குள் நுழைந்ததும் ஓனோஃப்ரியோ நீரூற்று. 15ஆம் நூற்றாண்டில் கட்டியது, இன்றும் குடிக்கலாம்.

வழவழப்பான அடியுள்ள செருப்பு

ஸ்ட்ராடுன் சுண்ணாம்புக் கல் தேய்ந்து கண்ணாடியாகிவிட்டது. வழுக்கும்.

நீச்சலுடையில் ஊருக்குள் நடப்பது

அபராதம்.

கப்பல் கிளம்பும் நேரத்தை மட்டும் கணக்கில் வைப்பது

ஏறவேண்டிய கடைசி நேரம் அதற்கு முன்பே வந்துவிடும். தனியாகச் சுற்றப் போனவர்களுக்காகக் கப்பல் காத்திராது. மாலையில் பிலேயிலிருந்து குருஷ் போகும் பஸ்கள் பிதுங்கி வழியும். அந்தக் கடைசி நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்பாகவே நிறுத்தத்துக்கு வந்துவிடுங்கள். இரண்டு பஸ் நிரம்பிப் போனால் மூன்றாவதை எதிர்பார்த்து நிற்காமல் நடையைக் கட்டுங்கள். துறைமுகம் சுமார் 3 கிலோமீட்டர்தான்.